ரெசொலூட் பே – கிரீஸ் ஃபியோர்டு விமானப் பாதை: தூரமும் பறக்கும் நேரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் வடகோடியில், நூனவுட் ஆட்சிப்பகுதியில் இருக்கும் இரண்டு சிற்றூர்களின் விமானத் தளங்களைப் பற்றியது இந்தப் பக்கம். ரெசொலூட் பே கார்ன்வாலிஸ் தீவில் இருக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 183 பேர். கிரீஸ் ஃபியோர்டு எல்ஸ்மியர் தீவின் தென்கரையில் இருக்கிறது, 144 பேர். கனடாவில் பொதுமக்கள் குடியிருக்கும் ஊர்களில் இதற்கு வடக்கே வேறு ஊர் இல்லை. இரண்டுக்கும் நடுவே சாலை கிடையாது. கோடையில் ஆண்டுக்கு ஒருமுறை சரக்குக் கப்பல் வரும். மற்ற மாதங்களில் விமானம்தான்.

இரண்டுக்கும் நேர்வான்தூரம் எவ்வளவு?

385 கிலோமீட்டர். கடல் மைலில் 208, சாதாரண மைலில் 239.

சில இடங்களில் 383 என்று போட்டிருக்கிறதே?

இரண்டும் சரியான கணக்குதான். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள முழு உருண்டையாக எடுத்துக்கொண்டால் 383 வரும். உண்மையில் பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. தட்டையான இடத்தில் வளைவு குறைவு, அதனால் அங்கே ஒரு டிகிரியின் நீளம் கொஞ்சம் கூடுதல். நிலநடுக்கோட்டருகே ஒரு டிகிரி அட்சம் ஏறக்குறைய 110.6 கி.மீ. என்றால், இங்கே 111.6 கி.மீ. இந்த வித்தியாசத்தைச் சேர்த்தால் 385 ஆகிறது. பயணிக்கு இந்த 2 கி.மீ. ஒரு பொருட்டே அல்ல. விமானத்துக்கு அது அரை நிமிடம்.

நானே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். சைன், கோசைன் பொத்தான் உள்ள கால்குலேட்டர் போதும். ரெசொலூட் பே தளம் வடக்கு 74.717, மேற்கு 94.969. கிரீஸ் ஃபியோர்டு தளம் வடக்கு 76.426, மேற்கு 82.909.

முதலில் அட்ச வித்தியாசம்: 1.709 டிகிரி. அதில் பாதிக்குச் சைன் எடுத்து வர்க்கப்படுத்தினால் 0.000222. அடுத்து தீர்க்க வித்தியாசம்: 12.060 டிகிரி. அதற்கும் அப்படியே பாதி, சைன், வர்க்கம் என்று செய்தால் 0.011036. இந்த இரண்டாவது எண்ணை இரு ஊர்களின் அட்சக் கோசைன்களால் (0.2636, 0.2347) பெருக்குங்கள்; 0.000683 கிடைக்கும். இரண்டையும் கூட்டினால் 0.000905. அதன் வர்க்கமூலம் 0.03009. இந்த எண்ணுக்குத் தலைகீழ் சைனை ரேடியனில் எடுத்து, இரட்டிப்பாக்கி, 6,371 ஆல் பெருக்கினால் 383 கி.மீ. தட்டைத்தன்மைக்காக இந்த அட்சத்தில் 0.4 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம், 385 வந்துவிடும்.

எனக்கு 1,350 கி.மீ. வருகிறது. எங்கே தப்பு?

ஒரு டிகிரி தீர்க்கம் 111 கி.மீ. என்று எடுத்திருக்கிறீர்கள். அது நிலநடுக்கோட்டில் மட்டும் பொருந்தும். தீர்க்கக்கோடுகள் எல்லாம் துருவத்தில் போய்ச் சேர்பவை. வடக்கே போகப் போக அவற்றின் இடைவெளி குறுகும். இந்த இரு ஊர்களுக்கு நடுவே ஒரு டிகிரி தீர்க்கம் வெறும் 28 கி.மீ. தான். சென்னையின் அட்சத்தில் அது 108 கி.மீ. இருக்கும். தெற்கில் போட்டுப் பழகிய குத்துமதிப்புக் கணக்கு இங்கே பொய்த்துப்போவது இதனால்தான்.

இன்னும் சில தப்புகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. விடை ஏறக்குறைய 3,200 கி.மீ. என்று வந்தால், ஒரு ஊரின் தீர்க்கத்துக்கு மட்டும் கழித்தல் குறி போட மறந்திருக்கிறீர்கள் (மேற்குத் தீர்க்கத்தைக் கழித்தல் குறியோடு எழுதுவது வழக்கம்). கணக்கு உங்களை வடதுருவத்தைத் தாண்டி மறுபக்கம், ரஷ்யாவின் தைமிர் பகுதி வரை கொண்டுபோகிறது. இரண்டு ஊருக்கும் குறி விட்டுப்போனால் இன்னும் மோசம். தூரம் சரியாகவே வரும், வரைபடத்தில் புள்ளி மட்டும் சைபீரியாவில் விழும். தப்பு நடந்ததே தெரியாது. 74 டிகிரி 43 நிமிடம் என்பதை 74.43 என்று எழுதுவது மூன்றாவது தப்பு. 43 நிமிடத்தை 60 ஆல் வகுத்தால் 0.717. இந்த ஒரு பிழையிலேயே தளம் 32 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடும்.

பறக்கும் நேரம் எவ்வளவு?

காற்றில்லாத நாளில், சக்கரம் நிலத்தை விடுவதிலிருந்து மறுபடி தொடும் வரை, ஏறக்குறைய 1 மணி 35 நிமிடம்.

இந்தப் பாதையில் நீண்ட காலமாகப் பறப்பது ட்வின் ஆட்டர் எனப்படும் இரட்டைப் புரொப்பெல்லர் விமானம். கென் போரெக் ஏர் நிறுவனம் ரெசொலூட் பேயைத் தளமாக வைத்து இதை இயக்கிவருகிறது. ட்வின் ஆட்டரின் வழக்கமான பயண வேகம் 140 முதல் 150 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). 208 கடல் மைலை 150 ஆல் வகுத்தால் 83 நிமிடம். மேலே ஏறும்போது வேகம் குறைவு. இறங்குமுன் வட்டமடித்து ஓடுபாதையைப் பார்க்க வேண்டும். இவை இரண்டுக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சேர்த்தால் மேலே சொன்ன நேரம்.

தூரக் கணிப்பான்கள் "1 மணி நேரம்" என்கின்றனவே?

பெரும்பாலான கணிப்பான்களுக்கு எந்த விமானம் பறக்கிறது என்பது தெரியாது. எல்லாப் பாதைக்கும் ஜெட் விமானத்தின் வேகத்தை, மணிக்கு 800 கி.மீ. அளவில், வைத்துக்கொண்டு, ஏறி இறங்க அரை மணி சேர்த்துவிடும். 385-ஐ 800 ஆல் வகுத்தால் 29 நிமிடம். அரை மணி சேர்த்தால் ஒரு மணி நேரம். கிரீஸ் ஃபியோர்டில் இருப்பது சுமார் 500 மீட்டர் நீளமுள்ள சரளைக்கல் ஓடுபாதை. அதில் பயணிகள் ஜெட் இறங்கவே முடியாது. ஆகவே அந்த ஒரு மணி நேரம் இல்லாத விமானத்துக்குப் போட்ட கணக்கு.

காற்று எவ்வளவு மாற்றும்?

மெதுவான விமானத்துக்குக் காற்றின் பாதிப்பு அதிகம். 30 நாட் எதிர்காற்று 450 நாட்டில் பறக்கும் ஜெட்டுக்குப் பதினைந்தில் ஒரு பங்கு. 150 நாட்டில் பறக்கும் ட்வின் ஆட்டருக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஏறும், இறங்கும் நேரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால்: காற்றில்லை என்றால் 83 நிமிடம், 30 நாட் எதிர்காற்றில் 104 நிமிடம், அதே அளவு பின்காற்றில் 69 நிமிடம். 45 நாட் எதிர்த்து அடித்தால் இரண்டு மணி நேரத்தைத் தொட்டுவிடும்.

போகும்போது இழந்த நேரம் திரும்பும்போது வந்து சேர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முழுக்க வராது. மேலே உள்ள எண்களையே கூட்டிப் பாருங்கள்: 104 + 69 = 173 நிமிடம்; காற்றில்லாமல் 83 + 83 = 166. எதிர்காற்றில் பறக்கும் நேரம் நீளமாக இருப்பதால், நஷ்டம் நீண்ட நேரத்துக்கும் லாபம் குறுகிய நேரத்துக்கும் நடக்கிறது. எரிபொருள் கணக்கில் இந்த ஏழு நிமிடத்தையும் விமானி விடுவதில்லை.

பயணச்சீட்டில் போகும்போது 2 மணி 35 நிமிடம், வரும்போது 35 நிமிடம் போல் தெரிகிறது. அச்சுப் பிழையா?

பிழையில்லை, நேர மண்டலம். ரெசொலூட் பே மத்திய நேரத்தில் இருக்கிறது; கிரீஸ் ஃபியோர்டு கிழக்கு நேரத்தில், அதாவது ஒரு மணி முன்னால். ரெசொலூட்டில் காலை 10:00-க்குக் கிளம்பி 1 மணி 35 நிமிடம் பறந்தால், கிரீஸ் ஃபியோர்டு கடிகாரத்தில் 12:35. அங்கிருந்து 1:15-க்குத் திரும்பினால் ரெசொலூட் கடிகாரத்தில் 1:50. கோடை நேரத்துக்கு இரண்டு ஊரும் ஒன்றாகவே கடிகாரத்தை மாற்றுவதால், ஒரு மணி வித்தியாசம் ஆண்டு முழுக்க அப்படியே இருக்கும். கைப்பேசியில் தானாக நேரம் மாறும் என்று நம்பி விமானத்தைத் தவறவிட்டால், அடுத்தது சில நாள் கழித்துத்தான். எந்த ஊர் நேரம் என்பதைக் கேட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் எந்த வழியாகப் போகிறது?

நேர்பாதையை வரைந்தால்: ரெசொலூட்டிலிருந்து வடகிழக்காக வெலிங்டன் கால்வாயைக் கடந்து, டெவன் தீவின் வடமேற்குப் பக்கத்தைத் தாண்டி, ஜோன்ஸ் சவுண்ட் என்ற கடற்பகுதியின் மேல் போய், எல்ஸ்மியர் தீவின் கரையை அடையும். டெவன் தீவில் மனிதக் குடியிருப்பே கிடையாது. பாதையின் நடுப்புள்ளிக்கு அருகில், வலப்பக்கம் 20 கி.மீ. அளவில், ஹாட்டன் விண்கல் பள்ளம் இருக்கிறது. சுமார் 23 கி.மீ. குறுக்களவு. செவ்வாய்க் கோளில் பயன்படுத்தப்போகும் கருவிகளையும் உடைகளையும் சோதித்துப் பார்க்க ஆய்வாளர்கள் வரும் இடம் அது. தெளிவான நாளில் வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் பார்க்கலாம். இன்னும் கிழக்கே டெவன் தீவின் பனிக்கவிகையும் தெரியும்.

மேகத்தைப் பொறுத்து விமானி வளைந்து போவதும் உண்டு. அப்போது நேரம் கூடும்.

திசைகாட்டி அங்கே வேலை செய்யாது என்பது உண்மையா?

நம்பிப் பறக்க முடியாத அளவுக்கு உண்மை. காந்தத் திசைகாட்டியின் முள் பூமியின் காந்தப்புலத்தில் கிடைமட்டமாக இழுக்கும் பகுதியைப் பிடித்துத்தான் திரும்புகிறது. வட காந்தத் துருவத்தை நெருங்க நெருங்கப் புலம் கீழ்நோக்கிச் செங்குத்தாகிவிடும். கிடைமட்ட இழுப்பு மிகவும் மெலிந்துபோகும். முள் சோம்பலாகத் திரும்பும், விமானம் சாய்ந்தால் எங்கேயோ போய் நிற்கும். 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அந்தக் காந்தத் துருவத்தைப் பூத்தியா தீபகற்பத்தில் கண்டார். அது ரெசொலூட்டுக்குத் தெற்கே. பிறகு அது வடக்கே நகர்ந்து இந்தத் தீவுக்கூட்டத்தைக் கடந்து இப்போது சைபீரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அது தள்ளிப் போனாலும், இங்கே திசைகாட்டியைத் தனியாக நம்பும் நிலை வரவில்லை.

அதனால் கனடாவின் வடக்கு வான்பரப்பில் எல்லாத் திசைகளும் உண்மை வடக்கை, அதாவது புவியியல் வடதுருவம் இருக்கும் திசையை, வைத்தே சொல்லப்படும். ஓடுபாதை எண்ணுக்கு (ஓடுபாதையின் திசையைப் பத்தால் வகுத்த எண்) பின்னால் உண்மை வடக்கைக் குறிக்கும் ஒரு எழுத்தும் சேரும். ரெசொலூட்டின் ஓடுபாதை எண்கள் 17, 35. இரண்டுமே உண்மை வடக்குக் கணக்கு.

திசைகாட்டிக்குப் பதிலாகச் சுழல்காட்டியும் (ஜைரோஸ்கோப்) ஜீபிஎஸ்ஸும் உண்டு. சுழல்காட்டிக்கு வேறொரு தொல்லை. அது விண்வெளியைப் பார்த்து நிலையாக நிற்கும், கீழே பூமிதான் சுழலும். மணிக்கு 15 டிகிரியை அட்சத்தின் சைனால் பெருக்கினால் விலகல் தெரியும்: இங்கே மணிக்கு ஏறக்குறைய 14.5 டிகிரி. ஒன்றரை மணிப் பயணத்தில் திருத்தாமல் விட்டால் 20 டிகிரிக்கு மேல் தப்பு. இதோடு இன்னொன்றும் சேரும். நேர்கோட்டில் போனாலும் திசை எண் மாறிக்கொண்டே இருக்கும். ரெசொலூட்டை விடும்போது உண்மைத் திசை 55 டிகிரி. கிரீஸ் ஃபியோர்டை அடையும்போது அதே நேர்கோடு 66 டிகிரியாகிவிடும். தீர்க்கக்கோடுகள் அவ்வளவு நெருக்கமாகக் குவிவதால் வரும் மாற்றம் இது.

இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. 2011 ஆகஸ்ட் 20 அன்று யெல்லோநைஃபிலிருந்து வந்த போயிங் 737-200 ஒன்று ரெசொலூட் ஓடுபாதைக்குக் கிழக்கே ஒரு கடல் மைல் தள்ளி மலையில் மோதியது. இருந்த 15 பேரில் 12 பேர் இறந்தார்கள். விமானத்தின் திசைக் கருவி இறங்கத் தொடங்கும்போது 8 டிகிரி தவறாகக் காட்டியது, கடைசிக் கட்டத்தில் அது 17 டிகிரியாக வளர்ந்திருந்தது என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. அது மட்டுமே காரணமல்ல. பல பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. ஆனால் வடக்கில் பத்து டிகிரி என்றால் என்ன என்பதை அந்த மலை காட்டியது.

கிரீஸ் ஃபியோர்டில் இறங்குவது ஏன் கடினம் என்கிறார்கள்?

ஊருக்குப் பின்னால் மலை, முன்னால் கடல், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய கரை. ஓடுபாதை அந்த இடுக்கில் இருக்கிறது. விமானம் மலைச்சரிவை ஒட்டித் திரும்பித்தான் அதற்கு நேராக வர முடியும். கடைசித் திருப்பத்தை விமானி கண்ணால் பார்த்தே செய்ய வேண்டும். மலையில் மேகம் இறங்கிவிட்டால் முடியாது.

ட்வின் ஆட்டருக்கு நீளம் பிரச்சினையில்லை. முழு எடையிலும் கிளம்பி 15 மீட்டர் உயரம் எட்ட அதற்கு ஏறக்குறைய 370 மீட்டர் போதும். குளிர்காற்று அடர்த்தியாக இருப்பதால் அங்கே இன்னும் குறையும். பிரச்சினை மலையிலிருந்து வழுக்கி இறங்கும் காற்று. ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும், சில நொடிகளில் திசை மாறும். ரெசொலூட்டில் வானம் தெளிந்து கிடக்கும். கிளம்பவில்லையே என்று பயணிகள் கேட்பார்கள். காரணம் 385 கி.மீ. தள்ளி இருக்கிறது.

கடுங்குளிரில் உயரங்காட்டியும் ஏமாற்றும். குளிர்ந்த காற்று சுருங்கிக் கிடப்பதால், மைனஸ் 40-இல் அது தளத்துக்கு மேல் 1,000 அடி என்று காட்டும்போது விமானம் உண்மையில் 800 அடி அளவில்தான் இருக்கும். மலையருகே பறக்கும்போது அட்டவணையைப் பார்த்துத் திருத்தம் சேர்ப்பது கட்டாயம்.

இறங்க முடியாவிட்டால் என்ன செய்வார்கள்?

திரும்பி ரெசொலூட்டுக்கே வருவார்கள். வரைபடத்தில் மாற்றுத் தளம் தேடிப் பாருங்கள், இந்த ஊரின் தனிமை விளங்கும். தெற்கே ஆர்க்டிக் பே, அதுவும் ரெசொலூட் அளவு தூரம், 390 கி.மீ. அளவு. வடக்கே யூரேகா வானிலை நிலையத்தின் தளம், 400 கி.மீ. அருகில் என்று சொல்ல எதுவுமே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் இன்னொரு ஒன்றரை மணி நேரம்.

இதனால்தான் ரெசொலூட்டில் கிளம்பும்போதே போகவும் திரும்பவும் எரிபொருள் ஏற்றுகிறார்கள். இந்தப் பாதையில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான்: எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு சாமான், யாருடைய பெட்டி நிற்கும் என்பது உட்பட.

19 இருக்கை விமானம். ஏன் எட்டுப் பேரோடு போகிறது?

ஒரு மாதிரிக் கணக்கு. ட்வின் ஆட்டர் 300 வகையின் அதிகபட்சக் கிளம்பும் எடை 5,670 கிலோ. ஸ்கீ (பனியில் இறங்க உதவும் சறுக்குப் பலகை), குளிர்காலக் கருவிகளோடு காலி விமானம் 3,500 கிலோ என்று வைப்போம். இரண்டு விமானிகள் 180. போய் இறங்க முடியாமல் திரும்ப 3 மணி 10 நிமிடம், கையிருப்பு 45 நிமிடம். மணிக்கு 280 கிலோ எரிந்தால் மொத்தம் ஏறக்குறைய 1,100 கிலோ எரிபொருள். பிரதான தொட்டிகளின் கொள்ளளவே 1,430 லிட்டர், அதாவது சுமார் 1,150 கிலோதான். ஆகத் தொட்டி கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. எல்லாம் போக மிஞ்சுவது 890 கிலோ.

குளிருடை போட்ட ஒரு ஆள் 90 கிலோ, பை 20 கிலோ என்றால் எட்டுப் பேர். ஊருக்குப் போக வேண்டிய தபால், மருந்து, பால், காய்கறி எல்லாம் இதே எடைக்குள்தான் ஏற வேண்டும்; அவை ஏறினால் ஆள் இன்னும் குறையும். எதிர்காற்று பலமாக இருக்கும் என்று முன்னறிவிப்பு வந்தால் எரிபொருள் கூடும்; ஒரு ஆளோ நாலு பெட்டியோ கீழே நிற்கும். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இந்த எண்கள் மாறும், கணக்கின் போக்கு மட்டும் மாறாது.

அப்படியென்றால் சாமானை எப்படிக் கட்டுவது?

எடைபோட்டுக் கட்டுங்கள். பயணச்சீட்டு வாங்கும்போதே இந்தச் சிறு விமானத்துக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள். தெற்கிலிருந்து வந்த பெரிய விமானத்தின் அளவு இங்கே செல்லாது. ஒரே பெரிய பெட்டியைவிட இரண்டு மென்மையான பைகள் நல்லது. ஒன்றில் இல்லாமல் முடியாதவை: மருந்து, கண்ணாடி, இரண்டு நாள் உள்ளாடை, கையுறை, சார்ஜர். மற்றதில் தாமதமாக வந்தாலும் பரவாயில்லாதவை. "அடுத்த விமானத்தில் வரும்" என்றால் அது நாளை அல்ல, சில நாள் கழித்து.

பார்க்கா (தலைமூடியுள்ள தடித்த குளிர்ச்சட்டை), பூட்ஸ், தொப்பி மூன்றையும் பையில் வைக்காதீர்கள், உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். விமானத்தின் பின்பக்கம் குளிரும். வழியில் அவசரமாக எங்காவது இறங்க நேர்ந்தால் உடம்பில் இருப்பதுதான் துணை. கைப்பேசியையும் கேமரா பேட்டரியையும் உட்சட்டைப் பையில் வையுங்கள். வெளிக்குளிரில் முழு சார்ஜும் சில நிமிடத்தில் இறங்கிவிடும்.

விமானத்துக்குள் எப்படி இருக்கும்?

சத்தமாக இருக்கும், காதடைப்பான் கொண்டுபோங்கள். கழிப்பறை கிடையாது, அதனால் கிளம்புமுன் தேநீரைக் குறையுங்கள். உள்காற்றை அழுத்தி வைக்கும் வசதி இல்லாத விமானம் என்பதால் பொதுவாக 10,000 அடிக்குக் கீழேதான் பறக்கும். சளி பிடித்திருந்தால் இறங்கும்போது காது வலிக்கும்.

எந்த மாதத்தில் போனால் ரத்தாகும் வாய்ப்பு குறைவு?

ஏப்ரலும் மே மாதத்தின் பெரும்பகுதியும். வெளிச்சம் நாள் முழுக்க இருக்கும், கடல் உறைந்தே கிடப்பதால் ஈரம் குறைவு, மேகமும் குறைவு. குளிர் இருக்கும், ஆனால் தாங்கக்கூடிய குளிர்.

ஜூலை, ஆகஸ்டில் வெப்பநிலை உறைநிலைக்கு மேலே வந்துவிடும். அதைப் பார்த்து அதுதான் நல்ல காலம் என்று பலர் தேதி போடுகிறார்கள். பனிக்கட்டி உடைந்து கடல் திறந்தவுடன் ரெசொலூட்டில் மூடுபனி ஏறிக்கொள்ளும், நாள்கணக்கில் விலகாது. செப்டம்பர், அக்டோபரில் திறந்த கடலிலிருந்து எழும் மேகமும் புயலும். நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி வரை சூரியன் எழாது. இருட்டில் பறப்பார்கள், ஆனால் மலையைக் கண்ணால் பார்க்க வேண்டிய ஊருக்கு அது கூடுதல் கட்டுப்பாடு. மைனஸ் 40-க்குக் கீழே போனால் இஞ்சினைச் சூடாக்கி எழுப்பவே நேரமாகும். காற்று தரைப்பனியைக் கிளப்பினால் ஓடுபாதையின் மறுமுனை தெரியாது.

எத்தனை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்?

தினசரிச் சேவை கிடையாது. வாரத்துக்கு ஓரிரு முறைதான், அதுவும் பருவத்துக்கும் நிறுவனத்தின் அட்டவணைக்கும் ஏற்ப மாறும். ஒரு பறப்பு ரத்தானால் அடுத்த அட்டவணை நாள் வரை காத்திருப்பு. போகும்போது ரெசொலூட்டில் இரண்டு நாள், திரும்பும்போது மூன்று நாள் இடைவெளி விடுவது எங்கள் கணிப்பில் குறைந்தபட்சம். திரும்பும்போது அதிகம் வைக்கச் சொல்வது ஏனென்றால், அந்தப் பக்கம் தவறினால் இக்காலுவிட் (நூனவுட்டின் தலைநகர்), ஒட்டாவா இணைப்புகளும் சேர்ந்து போகும். ரெசொலூட்டில் தங்குமிடங்கள் மிகச் சில, விலை அதிகம். இடைவெளி நாட்களுக்கும் சேர்த்தே அறையைப் பேசி வையுங்கள். வானிலையால் வரும் தாமதத்துக்குப் பணம் தரும் காப்பீடு உண்டா என்று தாளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ரெசொலூட் வரை எப்படி வருவது?

ஒட்டாவாவிலிருந்து இக்காலுவிட்டுக்கு ஜெட்டில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கிருந்து ரெசொலூட் நேர்வான்தூரம் 1,575 கி.மீ. அளவு, வழியில் வேறு ஊரில் நின்று போவதும் உண்டு. டொரொன்டோவிலிருந்து வருபவர்களும் முதலில் ஒட்டாவாவுக்குத்தான் வர வேண்டும். எல்லாம் உள்நாட்டுப் பயணம். கனடாவில் வசிப்பவருக்குப் படத்தோடு அரசு அடையாள அட்டை போதும். இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டில் வருபவர் கனடா விசா இருந்தால் இதற்கென்று தனி அனுமதி வாங்கத் தேவையில்லை.

வழியில் தொடர்புக்கு எந்தச் செயற்கைக்கோள் கருவி?

இரிடியம் வகை. அதன் செயற்கைக்கோள்கள் துருவங்களுக்கு மேலே கடந்து போகின்றன. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒரே இடத்தில் நிற்கும் கோள்களை நம்பும் கருவிகளுக்கு, கிரீஸ் ஃபியோர்டிலிருந்து பார்த்தால் கோள் தொடுவானத்துக்கு மேல் அதிகபட்சம் 5 டிகிரிதான். ஒரு குன்று போதும், மறைந்துவிடும்.

பனிவண்டியில் போக முடியாதா?

கடல் உறைந்த மாதங்களில் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் பனிக்கட்டி மேல் நீண்ட பயணம் போவார்கள். அது அவர்களுக்குத் தெரிந்த வழி, தெரிந்த பனி. நீரோட்டம் உள்ள இடங்களில் பனி மெலிந்திருக்கும், அழுத்தத்தில் எழும்பிய பனிமேடுகளைச் சுற்றிப் போக வேண்டும். எனவே 385 என்ற எண் தரைவழிக்குச் செல்லாது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்கவே கூடாது.

"கிரைஸ்" என்பதா, "கிரீஸ்" என்பதா?

"கிரீஸ்" என்பதே வழக்கு. நார்வேக்காரரான ஓட்டோ ஸ்வெர்ட்ரூப் தம் 1898–1902 பயணத்தில் வைத்த பெயர். நார்வே மொழியில் பன்றி விரிகுடா என்று பொருள். வால்ரஸ்களின் உறுமல் அவருக்கு அப்படிக் கேட்டிருக்கிறது. ஊர் மக்கள் சொல்லும் பெயர் ஔயுயிட்டுக்: ஒருபோதும் உருகாத இடம்.

இவ்வளவு தள்ளி ஏன் ஊர் அமைந்தது?

தானாக அமையவில்லை. 1953-இலும் 1955-இலும் கனடா அரசு இனுயிட் குடும்பங்களைக் கியூபெக்கின் வடக்கே இருக்கும் இனுக்ஜுவாக்கிலிருந்து கப்பலில் ஏற்றி இந்த இரண்டு இடங்களிலும் கொண்டுவந்து இறக்கியது. பாண்ட் இன்லெட்டிலிருந்தும் சில குடும்பங்கள் வந்தன. இனுக்ஜுவாக்கிலிருந்து கிரீஸ் ஃபியோர்டு ஏறக்குறைய 2,000 கி.மீ. பழகிய வேட்டை விலங்குகளும் இல்லை, மூன்று மாதம் சூரியனும் இல்லை. இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்ற வாக்கு காப்பாற்றப்படவில்லை. 2010 ஆகஸ்ட் 18 அன்று அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது. ஊரின் கரையில் அந்த மக்களுக்கு எழுப்பிய கற்சிலை இருக்கிறது. இறங்கிய அன்றே நடந்து போய்ப் பாருங்கள். வானிலை மாறினால் மறுநாள் விமானத்தை முன்கூட்டிக் கிளப்பிவிடுவார்கள்.